மடிப்பக்கா வளர்த்த பழி

எங்கள் சலவைக் கடைக்கு ஒரு கணக்கு வாத்தியார் துணி போடுவார். ஒருநாள் அவருடைய கால்சட்டைப் பையில் ஆஸ்பத்திரிச் சீட்டு ஒன்று இருந்தது. நான் ஐந்தாவது வரைதான் படித்தவள். எழுத்துக்கூட்டிப் பார்த்ததில் அது நல்ல சேதி இல்லை என்பது மட்டும் புரிந்தது. கடையில் ஒரு வழக்கம் உண்டு. துணியின் பையில் எது இருந்தாலும், சாவியோ பாதி தின்ற மிட்டாயோ, வெள்ளைத் தாளில் பொட்டலமாக மடித்து அந்தத் துணியிலேயே குண்டூசியால் குத்தித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். நான் தாளை எடுத்தேன். மடிப்பக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவர் வீட்டுல துணியப் பிரிக்கிறது யாரு?”

“அவர் சம்சாரம்தான்.”

“அப்ப குத்தாத.”

சீட்டை நான்காக மடித்து, வேலைக்குப் போடும் மேலங்கியின் பையில் வைத்துக்கொண்டாள். நான்கு நாள் அது அங்கேயே இருந்தது. ஐந்தாம் நாள் வாத்தியார் தெருவில் தனியாகப் போவதைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடினாள். “சார், கீழ கிடந்துச்சு. உங்களுதான்னு பாருங்க” என்று நீட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். அவர் வெகுநேரம் அந்த இடத்திலேயே நின்றார். அதற்குப் பிறகு அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்படிப்பட்டவள்தான், ஒரு மனுஷனைக் கடித்துக் குதறவேண்டும் என்று ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவளுக்கு வேறு பெயர் இருந்தது. ஆனால் அவள் போடும் மடிப்பில் கை வைத்தால் அறுத்துவிடும் என்று யாரோ விளையாட்டாகச் சொல்லப்போக, மடிப்பக்கா என்றே ஆகிவிட்டது. கல்யாணமாகி மூன்றாம் வருடம் கணவர் போய்ச் சேர்ந்தார். பிள்ளை இல்லை. இருபத்திரண்டு வருடம் அதே கடை, அதே மேசை. கடை ஐந்து மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. கடைக்குப் பின்னால் ஒரு சின்ன அறை. காவலுக்குக் காவலும் ஆச்சு, வாடகையும் இல்லை என்று முதலாளியம்மா அதை அக்காவுக்கு விட்டிருந்தார். எனக்குத் துவைக்கிற வேலை, அவளுக்கு இஸ்திரி. நான் வாய்க்குள் பிரார்த்தனை முணுமுணுத்துக்கொண்டே துணி அலசுவதால் என்னைப் பக்திப்பழம் என்று கூப்பிடுவாள். “பக்திப்பழமே, கடவுளுக்குக் காது கேக்கும். கொஞ்சம் சத்தமில்லாம அலசு” என்பாள்.

அக்காவிடம் முதலில் தூசி என்று ஒரு கிழ நாய் இருந்தது. அவளிடம் வந்து பதினோரு வருடம், ஒரு கண்ணில் புரை. கழுத்தில் பெயர்த் தகட்டோடு ஒரு சிவப்புப் பட்டை; எப்போதும் மேசைக்கு அடியில் படுத்துக் கிடக்கும். யாரையும் பார்த்துக் குரைத்து நான் கேட்டதில்லை. அதைப் பார்க்கப் பிடிக்காத ஒரே ஆள் இரண்டாம் மாடிக்காரர். குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கட்டடத்துக்குள் நுழைந்ததும் நாய் கிடந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று மாதம் ஒரு கடிதம் ஒட்டுவார். அக்கா அந்தக் கடிதத்தைப் படித்து, எழுத்துப்பிழை இருந்தால் பென்சிலால் திருத்திவிட்டு வருவாள்.

அக்காவுக்குப் பித்தப்பையில் கல் வந்து அறுவை செய்தார்கள். நான்கு நாள் ஆஸ்பத்திரி. தூசிக்குச் சோறு போடுகிற பொறுப்பு என்னுடையது. மூன்றாம் நாள் காலை நான் நாலாம் மாடிக்குத் துணி கொடுக்கப் போனேன். கால்மணி நேரம் ஆகியிருக்காது. இறங்கி வந்தபோது தூசி இல்லை. நகராட்சியின் நாய் வண்டி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பின்னாலேயே ஓடினேன். என் ஓட்டத்துக்கு அது நிற்குமா? கழுத்துப்பட்டை இருந்தால் பிடிக்கமாட்டார்களே என்று நினைத்து, அந்த நம்பிக்கையில்தான் நாய்க்கூடத்துக்குப் போனேன். “பட்டை எதுவும் இல்லம்மா. கேட்பாரில்லாத நாய்னு ஃபோன் வந்துச்சு” என்றார்கள். எஜமானி வந்து கையெழுத்துப் போட்டால்தான் விடுவோம் என்றார்கள். வயிற்றில் தையலோடு அக்கா மறுநாள் போனாள். தூசி அன்று விடியும்போதே கூண்டில் செத்துப்போயிருந்தது. கிழ நாய்க்குப் புது இடம் தாங்கவில்லை.

நான் அக்காவின் காலைப் பிடித்து அழுதேன். “உன் மேல தப்பு ஒண்ணுமில்ல. எழுந்திரு” என்றாள்.

ஒரு வாரம் கழித்துச் செயலாளர் வீட்டுத் துணி வந்தது. பழுப்பு நிறக் கால்சட்டை. துவைக்கப் போடும் முன் இடது பையில் கைவிட்டேன். சிவப்புக் கழுத்துப்பட்டை. பெயர்த் தகடு அதிலேயே இருந்தது. கத்தியால் அறுத்த வெட்டு.

அக்கா அதை வாங்கி, அறுத்த வெட்டை விரலால் தடவிப் பார்த்தாள். போலீசுக்குப் போவாள், மாடிக்குப் போய்க் கத்துவாள் என்று நினைத்தேன். அவள் ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். பட்டையைப் பொட்டலமாக மடித்தாள். அவளுடைய மடிப்பு, மூலைகள் ஊசிபோல நின்றன. கால்சட்டை துவைத்துக் காய்ந்து இஸ்திரி ஆனதும் அதிலேயே பொட்டலத்தைக் குத்தினாள்.

“அக்கா, அவங்க வீட்டுலயும் துணியப் பிரிக்கிறது சம்சாரம்தானே?”

“தெரியும்.”

நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா வாங்கிக்கொண்டார். மறுவாரமும் செயலாளர் வீட்டுத் துணி வந்தது. அதற்கு மறுவாரமும் வந்தது. எனக்கு ஆச்சரியம்.

“எப்படிக்கா கூசாம அனுப்புறாரு?”

“நிறுத்தினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமே. அனுப்பட்டும்.”

அந்தச் சட்டைகளை அவள் ஒரு நூல் பிசகாமல் தேய்த்தாள். ஒன்றையாவது கருக்கிவிடக் கூடாதா என்று, கடவுள் என்னை மன்னிக்கட்டும், நானே நினைத்திருக்கிறேன். சொல்லியும் பார்த்தேன்.

“சட்டை என்னடி பண்ணுச்சு? எனக்குச் சட்டை வேண்டாம். உள்ள இருக்கிற ஆள் வேணும்.”

“கடவுள் பாத்துக்குவாருக்கா.”

“அவருக்கு ஆயிரம் வேலை. இது என் வேலை.”

மரக்கடையில் ஒரு காவல் நாய் இருந்தது. அது கடிக்காத ஆள் அந்தத் தெருவில் குறைவு. அது குட்டி போட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டு அக்கா போனாள். ஐந்து குட்டிகளில் நான்கு அவள் கையை நக்கின. ஒன்று விரலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. ரத்தம் வந்தது. “இவன்தான்” என்று தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கறுப்புக் குட்டி, நெற்றியில் மட்டும் சுண்ணாம்பு தொட்டது போல ஒரு வெள்ளை. அதைக் கடை மேசையில் இறக்கிவிட்டுப் பெயர் சொன்னாள்.

“பழி.”

“இது என்னக்கா பேரு? வாய்ல சொல்றதுக்கே கூசுது.”

“உனக்குக் கூசினா மனசுல கூப்பிடு.”

பழி அன்றே தன் முதல் காரியத்தைச் செய்தது. மேசை மேல், டாக்டர் ஒருவரின் தேய்த்த வெள்ளைக் கோட்டு மேல்.

நாயை வளர்ப்பது சுலபம் என்று அக்கா நினைத்திருந்தாள். தூசி அவளிடம் வந்தபோதே பெரிய நாய். குட்டியை அவள் வளர்த்ததில்லை. முதல் நாள் கிண்ணம் நிறையப் பால் ஊற்றினாள். மறுநாள் பின்னறை முழுக்கத் துர்நாற்றம். பயந்துபோய் நாய் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் ஒரு கடுகடுப்பான பெரியவர். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார்.

“வயசு என்ன?”

“ஐம்பத்தொண்ணு.”

“உங்க வயசு இல்லம்மா, குட்டிக்கு.”

“ஆறு வாரம்.”

“எட்டு வாரம் ஆகாம தாய்கிட்டேர்ந்து பிரிச்சிட்டீங்க. மாட்டுப்பால் குடுத்தீங்களா? குடுத்திருப்பீங்க. இனிமே குடுக்காதீங்க. ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமா. குழைஞ்ச சோறு, வேகவெச்ச கோழி, உப்பு வேண்டாம், வெங்காயம் வேண்டாம், எலும்பு வேண்டாம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை பூச்சி மருந்து. தடுப்பூசி மூணு. ரெண்டாவது ஊசி போடுற வரைக்கும் தெருவுல இறக்கவே கூடாது. நகராட்சியில உரிமம் எடுக்கணும். வேலைக்குப் போறீங்களா? பகல்ல யார் பாத்துக்குவாங்க?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் மேலே பார்த்தேன். மேலே மின்விசிறிதான் இருந்தது.

“எதுக்கும்மா இந்த வயசுல குட்டி? துணைக்கா?”

“ஒரு வேலை இருக்கு டாக்டர். அதுக்கு.”

தடுப்பூசி அட்டையில் தேதி போட்டுக் கொடுத்தார். அதைக் கடைச் சுவரில், இஸ்திரி மேசைக்கு நேராக, அக்கா மாட்டினாள்.

அதற்குப் பிறகு எங்கள் கடை சலவைக் கடையாக இல்லை. சாப்பிட்டதும் ஒருமுறை, தூங்கி எழுந்ததும் ஒருமுறை, விளையாடியதும் ஒருமுறை குட்டியைத் தூக்கிப் பழைய செய்தித்தாளில் விட வேண்டும். சரியாகப் போனால் கொஞ்ச வேண்டும், தப்பாகப் போனால் திட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். திட்டாமல் இருப்பதுதான் அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, “பரவாயில்லடா ராஜா, ரொம்ப நல்லா போயிருக்கே, போர்வைக்கு நடுவுல” என்பாள். மேசைக்கால், செருப்பு, ஹேங்கர், பாதி சோப்பு, எல்லாவற்றிலும் அதன் பல் பதிந்தது. மத்தியான வேளைச் சோறு என் பொறுப்பு ஆயிற்று. தூசி விஷயத்தில் தவறிய நான் இதில் ஒரு வேளைகூடத் தவறவில்லை.

ஒருநாள் நான் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அக்கா போட்ட சத்தம் கேட்டு ஓடினேன். குட்டி இஸ்திரிப் பெட்டியின் ஒயரைக் கடித்து இழுத்திருக்கிறது. சூடான பெட்டி மேசை விளிம்பில் சரிந்து நேராக அதன் தலைக்கு மேல் வந்திருக்கிறது. அக்கா வெறும் கையை நீட்டித் தாங்கிவிட்டாள். முழங்கைக்குக் கீழே பெட்டியின் முனை அப்படியே பதிந்து தோல் வெளுத்திருந்தது. அவள் அதைப் பார்க்கவே இல்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குட்டியைத் தலைகீழாகத் திருப்பி, நாக்கைப் பார்த்து, ஈறைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கையக் காட்டுங்கக்கா! ஐயோ கடவுளே!”

“இவன் சாகக் கூடாதுடி. இவன் செத்தா அந்த ஆள் தப்பிச்சுடுவான்” என்றாள்.

நான் எண்ணெய் தடவிவிட்டேன். அந்த ஆள் என்று சொல்லும்போது அவள் கை குட்டியின் வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தது.

பழக்குவதும் நடந்தது. அதை நான் எழுதத்தான் வேண்டும். செயலாளர் வீட்டு அழுக்குத்துணி திங்கட்கிழமை வரும். அக்கா அதிலிருந்து ஒரு சட்டையைத் துவைக்கப் போடாமல் ஒதுக்கிப் பின்னறைக்கு எடுத்துப் போவாள். இருபத்திரண்டு வருடத்தில் அடுத்தவர் துணியைத் தன் காரியத்துக்குத் தொட்டது அதுதான் முதல் தடவை. சட்டையை உதறிக் குட்டியின் முகத்துக்கு நேரே ஆட்டுவாள். “பிடி! இவன்தான்! பிடி!” குட்டி பாய்ந்து கவ்வி இழுக்கும். கவ்வியதும் ஒரு துண்டு கோழி. மறுபடி ஆட்டுவாள், மறுபடி கோழி. நான் வாசலில் நின்று பார்த்துவிட்டு மனசுக்குள் பிரார்த்தனை சொல்வேன். யாருக்காகச் சொல்வது என்றுதான் தெரியாது.

தாயை விட்டுச் சீக்கிரம் பிரிந்த குட்டி. முதல் வாரம் முழுக்க ராத்திரி அழுதது. அக்கா தூங்காத கண்ணோடு வந்து நின்று தேய்ப்பாள். பிறகு ஒருநாள் முகம் தெளிந்து வந்தாள். “அந்தச் சட்டைய விரிச்சேன், அது மேல சுருண்டு படுத்தான், ஒரு முனகல் இல்ல” என்றாள். அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு சட்டை, அழுக்கு மாறாமல், அதற்குப் படுக்கை ஆயிற்று. மறுவாரம் பல் பட்ட இடத்தை நூல் தெரியாமல் தைத்து, துவைத்து, தேய்த்து, மாடிக்கு அனுப்பிவிடுவாள். புதுச் சட்டை வரும். நாங்கள் இரண்டு பேரும் பகலெல்லாம் துணி வாசத்திலேயே வாழ்கிறவர்கள். எந்தத் துணி யாருடையது என்று மோந்தே சொல்லுவோம். ஆனாலும் அந்தக் குட்டி ஆறு மாதம் எந்த வாசத்தில் சோறு தின்று, எந்த வாசத்தில் கண்மூடித் தூங்குகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் உறைக்கவில்லை. கோபத்துக்குக் கண்தான் இல்லை என்பார்கள், மூக்கும் இல்லை.

எட்டு மாத வயதில் பழி என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்துவிட்டது. மூன்று ஊசியும் போட்டாயிற்று. உரிமத் தகடு கழுத்தில் தொங்கியது. செயலாளர் போய்வரும் நேரமெல்லாம் அக்கா அதைப் பின்னறையில் அடைத்துவிடுவாள், அவரை அது நேரில் பார்த்ததே இல்லை. சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் வந்தது. நுழைவாசலில் நாற்காலி போட்டு ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார். உடம்பில் அன்று காலை நாங்கள் கொடுத்தனுப்பிய நீலச் சட்டை. அக்கா கடை வாசலில் நின்றாள். கையில் சங்கிலி. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது.

“அக்கா, வேண்டாம்.”

“தூசியக் கூண்டுக்குள்ள தள்ளும்போது யாராவது வேண்டாம்னு சொன்னாங்களா?”

சங்கிலியைக் கழற்றினாள். ஐம்பது பேருக்கும் கேட்கும்படி ஒரே சொல் சொன்னாள்.

“பிடி!”

பழி அம்புபோலப் பாய்ந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அலறல் கேட்டது. யாரோ விழும் சத்தம் கேட்டது. பிறகு, கடவுளே, சிரிப்புச் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். செயலாளர் படிக்கட்டில் மல்லாந்து கிடந்தார். பழி அவர் மார்பின் மேல் ஏறி நின்று, வாலோடு இடுப்பும் சேர்ந்து ஆட, அவர் முகத்தை, காதை, வழுக்கையை நக்கிக்கொண்டிருந்தது. காணாமல் போன தகப்பனைக் கண்டுபிடித்த பிள்ளை மாதிரி முனகியது. சந்தோஷம் தாங்காமல் நீலச் சட்டையின் மேலேயே ஒன்றுக்கும் போய்விட்டது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வாய் திறந்தபடியே இருந்தது. ஆறு மாதம் அவள் தூக்கத்தைத் தின்று வளர்ந்த கோபம் அந்த ஆளின் மூக்கை நக்கிக்கொண்டிருந்தது.

சிரிப்பு அதிக நேரம் நிற்கவில்லை. பின்வாங்கும்போது படி தவறி விழுந்ததில் செயலாளருக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது. நகராட்சிக்குப் புகார் போனது. ஆளைக் கொல்லப் பழக்கிய நாய், ஏவிவிட்டதை ஐம்பது பேர் கேட்டார்கள், அழித்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தார். பத்து நாளில் விசாரணை. அதுவரை நாயைக் கட்டியே வைக்க வேண்டும்.

விசாரணை அன்று காலை அக்கா நாற்பது சட்டை தேய்த்தாள். பிறகு பெட்டியை நிறுத்தினாள்.

“ஊசி போட்டுடுவாங்களா?”

“அப்படித்தான் சொல்றாங்கக்கா.”

“கடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்ல. கடிச்சதுக்குத் தண்டனைன்னு இருக்கும். நக்கினதுக்கு ஊசியா?”

நகராட்சியிலிருந்து ஓர் ஆய்வாளரம்மா வந்தார். நுழைவாசலில் மேசை போட்டார்கள். ஒரு பக்கம் கையில் மாவுக்கட்டோடு செயலாளரும் அவர் மனைவியும். இன்னொரு பக்கம் அக்காவும் நானும் முதலாளியம்மாவும். சுற்றிலும் மாடிக்காரர்கள். ஆய்வாளரம்மா தடுப்பூசி அட்டையைப் பார்த்தார். ஒரு தேதி தவறியிருக்கவில்லை. உரிமமும் சரியாக இருந்தது.

“நாய் பேரு?”

அக்கா தலையைக் குனிந்தாள். “பழி.”

கூட்டத்தில் ஒருவர் இருமினார். ஆய்வாளரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “யார் மேல?”

“கேட்டீங்களா மேடம்? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?” என்று செயலாளர் எழுந்தார்.

“நீங்க உக்காருங்க. அம்மா, இத்தனை பேர் உக்காந்திருந்தாங்க. நேரா அவர் மேல மட்டும் ஏன் பாஞ்சுது? ஆளைக் காட்டிப் பழக்காம ஒரு நாய் அப்படிப் பாயாது. பதில் இல்லேன்னா நான் நாய எடுத்துட்டுப் போகவேண்டியதுதான்.”

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் என்ன சொல்லப் போகிறாள், சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் முதலாளியம்மா நின்றுகொண்டிருந்தார்.

“பழக்கினேன். கடிக்கத்தான் பழக்கினேன். இவர் மேலதான்” என்றாள் அக்கா. “இவர் சட்டைய எடுத்துக் காட்டிப் பழக்கினேன். துவைக்க வந்த சட்டை. வாரம் ஒண்ணு. அது மேலதான் சோறு வெச்சேன். அது மேலதான் தூங்க வெச்சேன். எனக்குப் புத்தியில்ல. இவன் அந்த வாசத்தப் பெத்த தாய்னு நெனச்சுட்டான். இவன் கடிக்க ஓடல மேடம். கொஞ்ச ஓடினான். வேணும்னா அவுத்துவிட்டுப் பாருங்க.”

முதலாளியம்மாவின் முகம் வெளிறிப்போனது. “கஸ்டமர் துணியையா?” என்றார் மெதுவாக.

ஆய்வாளரம்மா சைகை காட்ட, நான் போய்ச் சங்கிலியை அவிழ்த்தேன். பத்து நாள் கட்டிக் கிடந்த பழி, அக்காவைத் தாண்டி, என்னைத் தாண்டி, நேராகப் போய்ச் செயலாளரின் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது. ஒரு பெருமூச்சு விட்டது. கண்ணை மூடிக்கொண்டது. அவர் காலை அசைக்கப் பயந்து சிலைபோல உட்கார்ந்திருந்தார்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாயை ஊசியிலிருந்து காப்பாற்றிவிட்டாள். ஆனாலும் அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“இவ்வளவு விரோதம் எதுக்கும்மா?” என்று ஆய்வாளரம்மா கேட்டார்.

“என் பழைய நாயோட பட்டைய அறுத்துட்டு வண்டிக்கு ஃபோன் பண்ணினாரு. பட்டை இவர் பையில இருந்துச்சு. திருப்பி அனுப்பினேன்.”

“பொய்!” என்றார் செயலாளர். “ஒரு சாட்சி உண்டா?”

நான் வாய் திறப்பதற்குள் இன்னொரு குரல் வந்தது. அவர் மனைவி. அந்த அம்மா அதிர்ந்து பேசி நான் கேட்டதேயில்லை.

“பொட்டலத்த நான்தான் பிரிச்சேன். சிவப்புப் பட்டை. அறுத்தது எங்க வீட்டுக் கத்தி. அதோட வாய் மழுங்கிப் போயிருந்துச்சு, எதுல மழுங்குச்சுன்னு அப்பதான் தெரிஞ்சுது.”

“நீ உள்ள போ!”

“கீழ வந்துட்டேனே. எங்க உள்ள போறது?”

யாரும் சிரிக்கவில்லை. ஆய்வாளரம்மா எழுதினார். நாயால் ஆபத்து இல்லை, எடுத்துப்போகத் தேவை இல்லை. ஏவிவிட்ட குற்றத்துக்கு அக்காவுக்கு அபராதம். பொய்த் தகவல் கொடுத்து பட்டை கட்டிய வளர்ப்பு நாயைப் பிடிக்க வைத்ததைப் பற்றிச் செயலாளருக்குத் தனியாகக் கடிதம் வரும் என்றார்.

அந்த மாதமே சங்கத்தில் வேறு செயலாளரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர் போட்டியிட்டு வாங்கியது ஒரே ஓட்டு. அது மனைவியுடையது இல்லை என்று அந்த அம்மாவே மாடி மாடியாகச் சொன்னார். அவர் முன்வாசலை விட்டுவிட்டுக் குப்பைத்தொட்டிப் பக்கமாகப் போய்வர ஆரம்பித்தார். அக்கா அதைத் தெரிந்துகொண்டு, குப்பை கொட்டுகிற வேலையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அவர் வருகிற நேரம் பார்த்து வாளியோடு நிற்பாள். ஒன்றும் பேசமாட்டாள். பார்ப்பாள், அவ்வளவுதான். “பாவம்க்கா” என்றால், “பாவமா? தூசி இருந்தது பதினோரு வருஷம். நான் இன்னும் பதினோரு நாள்கூடப் பாக்கல” என்பாள்.

பார்க்கவும் அவளுக்கு நாள் இருக்கவில்லை. முதலாளியம்மா கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

“நாய் படுத்த சட்டைய மடிச்சு அனுப்பியிருக்கே. நாளைக்கு என் துணியிலயும் படுத்திருக்குமோன்னு நாலு பேர் கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?”

“நியாயம்தான் முதலாளியம்மா. நானா இருந்தாலும் அனுப்பிடுவேன்” என்றாள் அக்கா. ஒரு நாள் அதிகமாகக் கேட்கவில்லை. வேலை போனால் பின்னறையும் போயிற்று. நாய் டாக்டர்தான் தனக்குத் தெரிந்த ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் சொல்லிவைத்தார். வேறு ஊர். தங்க அறை உண்டு, நாய்க்கு ஓட இடம் உண்டு.

“கொஞ்ச நாள் பொறுத்தா முதலாளியம்மா மனசு மாறிடுவாங்கக்கா” என்று சொல்லிப் பார்த்தேன்.

“அதுக்காகப் போகல. அந்த ஆள் படியிறங்குற சத்தம் கேட்டா இவன் காத நிமித்துறான். வால ஆட்டிக்கிட்டு வாசலுக்கு ஓடுறான். ஒயரக் கடிச்சப்ப கை வெந்தது எனக்கு. வால் அவனுக்கு ஆடுது. தினம் தினம் இதப் பாத்துட்டு என்னால பெட்டி பிடிக்க முடியாது.”

அவள் போன அன்று காலை ஒரு சின்ன சரக்கு லாரி வந்தது. ஒரு மூட்டை துணி, ஒரு பாத்திரப் பெட்டி, தடுப்பூசி அட்டை. ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் அவள் ஏறி உட்கார, கால்களுக்கு நடுவில் பழி நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து முகத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டியது. மேலே, இரண்டாம் மாடியில், ஒரு திரைச்சீலை அசைந்தது. அக்காவும் பார்த்துவிட்டாள்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “அக்கா, போற இடத்துலயாவது அந்த ஆள மன்னிச்சு விட்டுடுங்க. உங்களுக்காகத்தான் சொல்றேன். நான் தினமும் உங்களுக்காகக் கடவுள்கிட்ட கேக்கப் போறேன்.”

அவள் மேலே ஒருமுறை பார்த்தாள். பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

“கேளு பக்திப்பழம், கண்டிப்பா கேளு. எனக்காக வேண்டாம், அவனுக்காகக் கேளு. நூறு வயசு குடுக்கச் சொல்லு. நூறு வருஷமும் எங்க நாய் குரைச்சாலும் அவன் திரும்பித் திரும்பிப் பாக்கணும். இப்ப நகரு, இவனுக்கு ஒண்ணுக்கு வருது. வண்டிக்குள்ள போயிட்டா நான்தான் துடைக்கணும்.”